விண்ணிலிருந்து மண்ணைப் படித்தல்: தொலை உணர்தலின் வரலாறு – ஓர் அறிமுகம்

முன்னுரை

ஒரு நாட்டில் எவ்வளவு காடு இருக்கிறது, எவ்வளவு நிலம் தரிசாகக் கிடக்கிறது, எந்தக் குளத்தில் நீர் நிற்கிறது, பாறைக்கு அடியில் எங்கே ஊற்று ஓடுகிறது என்ற கேள்விகளுக்கு விடை தெரியாமல் எந்தத் திட்டமும் தீட்ட முடியாது. நெடுங்காலம் இந்த விடைகளை மனிதன் நடந்து சென்றுதான் சேகரித்தான். கடந்த ஐம்பது ஆண்டுகளில் இந்த வேலையின் பெரும்பகுதி விண்ணுக்குச் சென்றுவிட்டது. ஒரு பொருளைத் தொடாமல், அதிலிருந்து வரும் ஒளி அல்லது வேறு அலைகளை அளந்து, அதன் தன்மையை அறியும் முறைக்குத் தொலை உணர்தல் என்று பெயர். தொலை நுண்ணுணர்வு என்றும் இதைச் சொல்வதுண்டு. ஆங்கிலத்தில் ரிமோட் சென்சிங்.

இது முற்றிலும் புதிய கலை அல்ல. வரப்பில் நின்றபடியே பயிரின் மஞ்சள் நிறத்தைப் பார்த்துத் தழைச்சத்து போதவில்லை என்று சொல்லும் விவசாயி செய்வதும் இதைத்தான். அவர் கண் பார்க்காத ஒளியையும் பார்க்கும் கருவி ஒன்றை, அவர் நிற்க முடியாத உயரத்தில் நிறுத்தியதே அறிவியல் செய்த வேலை. அந்தக் கதையையும், பனவடலிசத்திரம் போன்ற ஒரு வானம் பார்த்த பூமிக்கு அதனால் என்ன பயன் என்பதையும் இக்கட்டுரை சொல்கிறது.

நடந்து அளந்த காலம்

குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று நிலத்தை வகை பிரித்துப் பார்த்தது தமிழ் மரபு. பின்னாளில் கிராமக் கணக்குகள் நஞ்சை, புஞ்சை, தரிசு, புறம்போக்கு என்று பிரித்தன. வகை பிரிப்பது பழைய பழக்கம். துல்லியமாக அளப்பதுதான் கடினமாக இருந்தது.

இந்தியாவின் மாபெரும் முக்கோணவியல் அளவைப் பணி தொடங்கியது சென்னையில்தான். 1802 ஏப்ரல் 10 அன்று பரங்கிமலை அருகே வில்லியம் லாம்டன் தன் முதல் அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். ஏறத்தாழ 12 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தக் கோட்டை எஃகுச் சங்கிலியால் அளந்து முடிக்க 57 நாட்கள் ஆயின. அங்கிருந்து முக்கோணம் முக்கோணமாக நாடு முழுவதும் அளக்கப்பட்டது. இன்னொரு பக்கம் வருவாய்த் துறையின் நில அளவை வயல் வயலாக நடந்தது. அதன் முதல் நோக்கம் தீர்வை வசூல். ஆகவே தீர்வை வரும் நிலம் கவனமாக அளக்கப்பட்டது. காடு, மேடு, ஓடை போன்றவை தோராயமாகவே ஏட்டில் ஏறின.

நடந்து அளப்பதில் ஒரு பெருங்குறை உண்டு. ஒரு மாவட்டத்தை அளந்து முடிப்பதற்குள் ஆண்டுகள் ஓடிவிடும். முதலில் அளந்த கிராமம் அதற்குள் மாறியிருக்கும்.

பலூன், புறா, விமானம்

1858-இல் நாடார் என்ற புனைபெயர் கொண்ட பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் பாரிஸ் அருகே பலூனில் ஏறி நிலத்தைப் படம் எடுத்தார். (நம் ஊர்ப் பெயர் போலத் தோன்றினாலும் அவர் இயற்பெயர் காஸ்பார் ஃபெலிக்ஸ் துர்னாஷோன்.) அந்தப் படம் இன்று இல்லை. 1860-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரை பலூனிலிருந்து எடுத்த படமே இன்று எஞ்சியிருக்கும் மிகப் பழைய வான்படம். ஜெர்மனியைச் சேர்ந்த மருந்தாளர் யூலியஸ் நோய்ப்ரோன்னர் புறாவின் மார்பில் சிறிய கேமராவைக் கட்டிப் பறக்கவிட்டு, 1908-இல் அதற்குக் காப்புரிமையும் பெற்றார்.

முதல் உலகப் போரில் விமானத்திலிருந்து படம் எடுப்பது போர்முறையின் ஒரு பகுதியானது. போர் முடிந்ததும் அதே நுட்பம் காடுகளை அளக்கவும் பயன்பட்டது. அப்போது பிரிட்டிஷ் இந்தியாவோடு இணைந்திருந்த பர்மாவில், ஐராவதி கழிமுகக் காடுகள் 1924-இல் வான்படம் மூலம் அளக்கப்பட்டன.

இரண்டாம் உலகப் போர் இன்னொரு முக்கியமான பொருளைத் தந்தது. அது அகச்சிவப்பு வண்ணப் படச்சுருள். பச்சை வண்ணம் பூசியோ, வெட்டிய கிளைகளைப் போட்டோ மறைத்து வைத்த பீரங்கியை மனிதக் கண்ணால் பிரித்தறிய முடியாது. இந்தப் படச்சுருளில் உயிருள்ள செடி சிவப்பாகவும், பூச்சு வேறு நிறமாகவும் தெரிந்தது. எதிரியின் பீரங்கியைத் தேடப் பிறந்த இந்தப் படச்சுருள்தான் பிற்காலத்தில் நோயுற்ற மரத்தைத் தேடவும் உதவியது.

கேரளத் தென்னையில் தொடங்கிய இந்திய வரலாறு

இந்தியத் தொலை உணர்தலின் தந்தை என்று போற்றப்படுபவர் பி.ஆர். பிஷாரடி. 1909-இல் பாலக்காடு பக்கத்திலுள்ள கொல்லங்கோட்டில் பிறந்தவர். சர் சி.வி. ராமனிடம் ஆய்வு செய்தவர், வானிலை அறிஞர்.

கேரளத்தின் தென்னந்தோப்புகளை வேர் வாடல் நோய் நெடுங்காலமாக அரித்துக்கொண்டிருந்தது. 1882-ஆம் ஆண்டு வெள்ளத்துக்குப் பிறகு இந்நோய் கவனத்துக்கு வந்ததாகக் கூறப்படுகிறது. ஃபைட்டோபிளாஸ்மா என்ற நுண்ணுயிரே இதற்குக் காரணம் என்பது பின்னாளில் தெரிந்தது. நோய் வந்த மரம் உடனே சாவதில்லை. ஆண்டுக்கு ஆண்டு காய்ப்பு குறைந்துகொண்டே போகும். வெளியே அறிகுறி தெரியும்போது நோய் முற்றியிருக்கும்.

விக்ரம் சாராபாயின் ஊக்கத்தில், 1970-இல் பிஷாரடியின் குழு ஒரு ஹெலிகாப்டரில் கேமராவைப் பொருத்தி, அகச்சிவப்பு வண்ணப் படச்சுருளில் தென்னந்தோப்புகளைப் படம் எடுத்தது. நலமான மரங்களின் உச்சி நல்ல சிவப்பாகவும், நோயுற்றவை மங்கியும் தெரிந்தன. தரையில் நின்று பார்த்தால் நலமாகத் தோன்றிய சில மரங்களும் படத்தில் மங்கலாக இருந்தன. விண்வெளி ஆய்வுக்குச் செலவழிக்கும் பணம் ஏழை நாட்டுக்கு எதற்கு என்று கேட்டவர்களுக்கு, தென்னை மரம் ஒரு பதிலைத் தந்தது எனலாம்.

ஒளி சொல்லும் செய்தி

இது எப்படி நடக்கிறது? சூரிய ஒளி நிலத்தில் பட்டுத் திரும்பும்போது ஒவ்வொரு பொருளும் அதை வெவ்வேறு விதமாகத் திருப்பி அனுப்புகிறது.

1. பயிர்: இலையிலுள்ள பச்சையம் சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொள்ளும். ஆனால் கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பு ஒளியை இலையின் உள்ளமைப்பு பெருமளவு திருப்பி அனுப்பும்.

2. நீர்: அண்மை அகச்சிவப்பை ஏறத்தாழ முழுவதுமாக விழுங்கிவிடும். ஆகவே குளம் படத்தில் கறுப்பாகத் தெரியும்.

3. வெறும் மண்: சிவப்பு, அகச்சிவப்பு இரண்டையும் ஓரளவு திருப்பும். ஈரம் கூடினால் மண் இருண்டு தெரியும்.

அகச்சிவப்பைத் திரையில் காட்ட ஒரு நிறம் வேண்டும் அல்லவா? அதற்குச் சிவப்பு நிறத்தைக் கொடுப்பது வழக்கம். அதனால்தான் செயற்கைக்கோள் படத்தில் காடும் வயலும் சிவப்பாக இருக்கின்றன. இதற்குப் பொய்வண்ணப் படம் என்று பெயர்.

இதையே ஓர் எண்ணாகவும் மாற்றலாம். அகச்சிவப்பிலிருந்து சிவப்பைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் கிடைப்பது தாவரக் குறியீட்டு எண். எடுத்துக்காட்டாக, ஒரு பசும்பயிர் அகச்சிவப்பில் 50 சதவீதமும் சிவப்பில் 8 சதவீதமும் திருப்புகிறது என்று வைத்துக்கொண்டால், 42-ஐ 58-ஆல் வகுக்க 0.72 வரும். அறுவடை முடிந்த நிலம் 25-உம் 20-உம் திருப்பினால், 5-ஐ 45-ஆல் வகுக்க 0.11 வரும். வாரந்தோறும் இந்த எண்ணைக் கணக்கிட்டு வந்தால், எந்த ஊரில் பயிர் எழுந்தது, எந்த ஊரில் கருகியது என்பதை ஊருக்குப் போகாமலே அறிய முடியும்.

விண்ணில் ஏறிய கண்கள்

ரிமோட் சென்சிங் என்ற சொல்லை 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர், அமெரிக்கக் கடற்படை ஆராய்ச்சி அலுவலகத்தின் புவியியலாளர் ஈவலின் ப்ரூயிட். விமானப் புகைப்படம் என்ற பெயர் இனிப் போதாது என்பதே அவர் எண்ணம்.

1972 ஜூலை 23 அன்று, நிலவளங்களை ஆராய்வதற்கென்றே முதல் செயற்கைக்கோளை அமெரிக்கா ஏவியது. பின்னர் லேண்ட்சாட்-1 என்று பெயர் பெற்ற அது 18 நாட்களுக்கு ஒருமுறை அதே இடத்தின் மேல் வந்தது. அதன் பல்பட்டை வருடியை வடிவமைத்தவர் வர்ஜினியா நார்வுட் என்ற பெண் பொறியாளர்.

1974-இல் ஹைதராபாத்தில் தேசியத் தொலை உணர்தல் முகமை தொடங்கப்பட்டது. 1979-இல் அதற்கு அருகே ஷாத்நகரில் லேண்ட்சாட் தகவலை நேரடியாகப் பெறும் நிலையம் செயல்படத் தொடங்கியது. அதே ஆண்டு ஜூன் 7 அன்று இந்தியாவின் சோதனைச் செயற்கைக்கோளான பாஸ்கரா-1 சோவியத் ராக்கெட்டில் ஏறியது. 1981 நவம்பர் 20 அன்று பாஸ்கரா-2 சென்றது.

1988 மார்ச் 17 அன்று, கஜகஸ்தானின் பைக்கனூரிலிருந்து ஐ.ஆர்.எஸ்-1ஏ ஏவப்பட்டது. இந்தியாவின் முதல் முழுமையான தொலை உணர்தல் செயற்கைக்கோள் இதுவே. எடை 975 கிலோ. உயரம் 904 கிலோமீட்டர். 22 நாட்களுக்கு ஒருமுறை அதே இடம். மூன்று ஆண்டுகள் உழைக்க வேண்டும் என்று செய்யப்பட்டது, அதைவிட நெடுநாள் உழைத்தது. இவ்வளவு எடையைத் தூக்கும் ராக்கெட் அப்போது நம்மிடம் இல்லை. 1994 அக்டோபர் 15 அன்று பி.எஸ்.எல்.வி. வெற்றி பெற்ற பிறகுதான் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்தே இவ்வகைச் செயற்கைக்கோள்களை அனுப்ப முடிந்தது.

படத்தின் நுணுக்கம் எப்படி வளர்ந்தது என்பதை மீட்டரில் சொல்வதைவிட நம் ஊர்க் கணக்கில் சொன்னால் எளிதில் விளங்கும். படத்தின் ஒரு புள்ளி தரையில் அடைக்கும் இடம் இதோ:

- பாஸ்கரா (1979), 1 கிலோமீட்டர்: ஏறத்தாழ 247 ஏக்கர்
- லேண்ட்சாட்-1 (1972), 80 மீட்டர்: ஒன்றரை ஏக்கருக்குச் சற்று மேல்
- ஐ.ஆர்.எஸ்-1ஏ (1988), முதல் கேமரா, 72.5 மீட்டர்: ஒன்றேகால் ஏக்கருக்குச் சற்று மேல்
- அதன் இரண்டாம் வகைக் கேமரா, 36.25 மீட்டர்: சுமார் 32 சென்ட்
- ஐ.ஆர்.எஸ்-1சி (1995), வண்ணக் கேமரா, 23.5 மீட்டர்: சுமார் 14 சென்ட்
- அதன் கறுப்பு வெள்ளைக் கேமரா, 5.8 மீட்டர்: ஒரு சென்ட்டுக்கும் குறைவு
- ஐரோப்பாவின் சென்டினல்-2 (2015), 10 மீட்டர்: சுமார் இரண்டரை சென்ட்

முதல் வரிசையில் ஒரு கிராமமே ஒரு சில புள்ளிகள். கடைசி வரிசையில் ஒரு கிணற்று மேடும் தனிப் புள்ளி. சிறு விவசாயியின் நிலம் படத்தில் தனியாகத் தெரியத் தொடங்கியது இந்த வளர்ச்சியால்தான்.

காடு எவ்வளவு?

தொலை உணர்தல் இந்திய அரசுக்கு அளித்த பெரிய அதிர்ச்சி காடு பற்றியது. அரசுப் பதிவேடுகளின்படி நாட்டின் பரப்பில் ஏறத்தாழ 23 சதவீதம் வனம். தேசியத் தொலை உணர்தல் முகமை லேண்ட்சாட் படங்களை ஆராய்ந்தபோது, 1972–75 காலத்தில் உண்மையில் மரம் மூடிய பரப்பு 16.89 சதவீதம் என்றும், 1980–82 காலத்தில் அது 14.10 சதவீதமாகக் குறைந்துவிட்டது என்றும் கணக்கு வந்தது. பதிவேட்டில் வனம் என்று எழுதப்பட்ட இடமெல்லாம் மரமுள்ள இடம் அல்ல என்பது வெட்டவெளிச்சமானது.

இந்த எண்களை வனத்துறை அப்படியே ஏற்கவில்லை. இந்திய வன அளவை நிறுவனமும் தொலை உணர்தல் முகமையும் ஒப்பிட்டுப் பார்த்து, இறுதியில் 1980-களின் தொடக்கத்துக்கு ஏறத்தாழ 19.5 சதவீதம் என்ற எண்ணுக்கு வந்தன. ஒரே செயற்கைக்கோளின் படங்களிலிருந்து 14 என்றும் 19 என்றும் இரு விடைகள் வந்தது எப்படி? மரங்கள் எவ்வளவு நெருக்கமாக இருந்தால் அதைக் காடு என்பது, எந்த நிழலை எப்படிப் படிப்பது என்பதில்தான் வேறுபாடு. படம் பொய் சொல்வதில்லை. ஆனால் படத்தைப் படிப்பவர் வகுக்கும் விதி விடையை மாற்றிவிடும். 1987 முதல் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை வன நிலை அறிக்கை வெளிவருவது இந்த விவாதத்தின் நல்ல விளைவாகும்.

பனவடலிசத்திரம் – மேலிருந்து பார்த்தால்

பனவடலிசத்திரம், திருநெல்வேலியிலிருந்து சங்கரன்கோவில் செல்லும் சாலையில் உள்ள ஊர். சங்கரன்கோவில் வட்டம் 2019 நவம்பர் 22 வரை திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. இப்போது தென்காசி மாவட்டம். மேற்குத் தொடர்ச்சி மலை தென்மேற்குப் பருவமழையைத் தடுத்துவிடுவதால் இது மழை மறைவுப் பிரதேசம். ஐப்பசி, கார்த்திகையில் வரும் வடகிழக்குப் பருவமழைதான் இங்கே குளத்தை நிரப்ப வேண்டும். உளுந்து, பாசிப்பயறு, மக்காச்சோளம், பருத்தி ஆகியவை அந்த மழையை நம்பியே விதைக்கப்படுகின்றன.

கோடையில் எடுத்த பொய்வண்ணப் படம் ஒன்றில் இப்பகுதியைப் பார்த்தால், மேற்கே மலைக்காடு அடர்சிவப்பாக ஒரு சுவர் போல நிற்கும். மலையடிவாரத்தில் ஆற்றுப்பாசனம் உள்ள இடங்கள் சிவப்புத் திட்டுகள். கிழக்கே வரவர நிறம் வெளுத்துச் சாம்பலாகும். ஆங்காங்கே கிணற்றுப் பாசனத் தோட்டங்கள் மட்டும் சிறு சிவப்புக் கட்டங்களாகத் தெரியும். அதே இடத்தைத் தை மாதத்தில் பார்த்தால் புஞ்சையெல்லாம் சிவந்து, குளங்கள் கறுத்து இருக்கும். இரண்டு படங்களையும் அடுத்தடுத்து வைத்தால் ஓராண்டின் விவசாயம் முழுவதும் விளங்கும்.

இப்பகுதியின் அடித்தளம் கடினப்பாறை. ஆற்றுமணல் நிலத்தைப் போல எங்கே தோண்டினாலும் நீர் வராது. பாறையின் மேல் சிதைந்த அடுக்கிலும், பாறையின் வெடிப்புகளிலும் மட்டுமே நீர் தங்கும். ஒரு வயலில் தண்ணீர் கொட்டும். பக்கத்து வயலில் எத்தனை அடி போட்டாலும் புழுதிதான் வரும். கடன் வாங்கிப் போட்ட ஆழ்துளைக் கிணறு பொய்த்தால் அந்தக் குடும்பத்தின் நிலை என்ன ஆகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இந்த வெடிப்புகள் மேலிருந்து பார்க்கும்போது நேர்கோடுகளாகத் தெரிகின்றன. ஓர் ஓடை திடீரென நேராக ஓடும். செடிகள் ஒரு வரிசையில் மட்டும் பசுமையாக இருக்கும். மண்ணின் நிறம் ஒரு கோட்டில் மாறும். தரையில் நிற்பவருக்குத் தெரியாத இந்தக் கோடுகள் பல கிலோமீட்டர் நீளத்துக்குப் படத்தில் தெரியும். 1986-இல் தொடங்கிய தேசியக் குடிநீர் இயக்கத்துக்காக, செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு நாடு முழுவதற்கும் மாவட்ட வாரியாக நிலத்தடி நீர் வாய்ப்பு வரைபடங்கள் தயாரிக்கப்பட்டன. பிறகு இன்னும் நுணுக்கமான அளவிலும் அவை வந்தன. படம் எந்தப் பகுதியில் தேடலாம் என்று காட்டும். மின்தடை அளவி கொண்டு தரையில் சோதித்த பிறகே துளையிடும் இடத்தை முடிவு செய்ய வேண்டும்.

இன்னொரு எடுத்துக்காட்டு சீமைக்கருவேலம். மழைக்காலப் படத்தில் பயிரும் சிவப்பு, சீமைக்கருவேலமும் சிவப்பு, பிரிப்பது கடினம். சித்திரை, வைகாசியில் பயிர் இல்லாதபோதும் இந்த மரம் பச்சையாகவே நிற்கும். ஆகவே கோடைப் படத்தில் வறண்ட குளத்துக்குள் சிவப்புத் தெரிந்தால் அங்கே என்ன வளர்ந்திருக்கிறது என்று ஊகிக்கலாம். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. வன அளவை நிறுவனத்தின் விதிப்படி, ஒரு ஹெக்டேருக்குக் குறையாத இடத்தில் மரக்கிளைகள் 10 சதவீதத்துக்கு மேல் மூடியிருந்தால், எந்த மரமானாலும், யார் நிலமானாலும், அது வனப்பரப்பில் சேரும். தண்ணீர் நிற்க வேண்டிய குளத்தில் முளைத்த முள்மரமும் புள்ளிவிவரத்தில் காடாக வளர வாய்ப்பு இருக்கிறது! சிவப்பைக் கண்டதும் வளம் என்று முடிவு கட்டக் கூடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

வரம்புகள்

தொலை உணர்தலால் எல்லாம் முடியும் என்று எண்ணுவது தவறு.

- மேகம் மறைத்தால் ஒளிப்படக் கேமராவுக்கு நிலம் தெரியாது. குளம் நிரம்பும் ஐப்பசி, கார்த்திகையில்தான் வானம் மூடிக் கிடக்கும். இதற்கு மாற்று ரேடார். 2012-இல் இந்தியா ஏவிய ரிசாட்-1, 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட இந்திய அமெரிக்கக் கூட்டுப் படைப்பான நிசார் ஆகியவை மேகத்தை ஊடுருவிப் பார்க்கும் ரேடார் வகையைச் சேர்ந்தவை.

- குளத்தின் நீர்ப்பரப்பு தெரியும். ஆழம் நேரடியாகத் தெரியாது. வண்டல் ஏறிய குளமும் ஆழமான குளமும் மேலிருந்து ஒன்றுபோலவே தோன்றும்.

- நிலத்தடி நீரைக் கண்ணால் காணும் செயற்கைக்கோள் இல்லை. 2002-இல் சென்ற கிரேஸ் இரட்டைச் செயற்கைக்கோள்கள் புவியீர்ப்பு மாற்றத்தை அளந்து, வட மேற்கு இந்தியாவில் 2002 முதல் 2008 வரை ஏறத்தாழ 109 கன கிலோமீட்டர் நிலத்தடி நீர் குறைந்ததைக் காட்டின. ஆனால் அது பல மாநிலங்கள் அளவிலான கணக்கு. ஓர் ஊரின் கிணற்றுக்குப் பொருந்தாது.

- எந்தப் படத்தையும் தரையில் சென்று சரிபார்க்க வேண்டும். களச் சரிபார்ப்பு இல்லாத வரைபடம் பாதி வரைபடமே.

யார் பார்க்கலாம்?

இவ்வளவு பயனுள்ள படங்களை யார் பார்க்க முடிந்தது என்பதும் இந்த வரலாற்றின் ஒரு பகுதி. 1980-களில் லேண்ட்சாட் தனியார் வணிகத்திடம் ஒப்படைக்கப்பட்டபோது ஒரு படத்தின் விலை பல ஆயிரம் டாலருக்கு ஏறியது. வளரும் நாட்டின் மாணவனால் கனவிலும் வாங்க முடியாத விலை அது. சொந்தச் செயற்கைக்கோள் வேண்டும் என்று இந்தியா உறுதியாக நின்றது எவ்வளவு சரி என்பதை அந்த விலையே காட்டியது. 2008-இல் லேண்ட்சாட் படங்கள் அனைத்தும் இலவசமாயின. 2009-இல் இஸ்ரோ புவன் இணையதளத்தைத் தொடங்கியது. 2021 பிப்ரவரியில் இந்திய அரசு வரைபடத் தகவல்களுக்கான கட்டுப்பாடுகளைப் பெருமளவு தளர்த்தியது.

ஆகவே 1802-இல் ஒரு படைப்பிரிவே நடந்து சேகரித்ததைவிடக் கூடுதலான தகவல் இன்று ஒரு கல்லூரி மாணவியின் கணினியில் கிடைக்கிறது. தன் ஊர்க் குளத்தின் நீர்ப்பரப்பு பத்து ஆண்டுகளில் எப்படிச் சுருங்கியது என்பதை அவர் தானே அளந்து, கிராம சபையில் வைக்க முடியும்.

முடிவுரை

தீர்வைக்காக நிலத்தை அளந்த காலம், போருக்காகப் படம் எடுத்த காலம் ஆகியவற்றைக் கடந்து, தென்னைக்காகவும் தண்ணீருக்காகவும் பார்க்கும் நிலைக்குத் தொலை உணர்தல் வந்து சேர்ந்திருக்கிறது. செயற்கைக்கோள் ஒரு குளத்தில் முள்மரம் நிற்பதைக் காட்டும், வெட்டாது. வரத்துக்கால் அடைபட்டதைக் காட்டும், தூர்வாராது. பதிவேட்டில் ஒன்றும் படத்தில் வேறொன்றும் இருக்கும்போது கேள்வி கேட்பதும், படத்தை எடுத்துக்கொண்டு குளக்கரைக்குப் போய்ச் சரிபார்ப்பதும் அந்த ஊர் மக்களின் வேலை. பனவடலிசத்திரம் போன்ற வானம் பார்த்த ஊர்களின் பிள்ளைகள் இக்கலையைக் கற்றுக்கொண்டால், அந்த வேலைக்கு வெளியூரிலிருந்து யாரும் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.